சுவர் இடிந்த நாளில் ஒரு மல் சேலை: புதுவைக் கிராமங்களில் ஆண்மை, பெண்மை



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளை ஒட்டிப் பேச வேண்டும் என்று அழைத்தவர்கள், ஆண்மை பெண்மை என்ற இரண்டு சொற்களைக் கொடுத்து, இலக்கியம், சினிமா, சமூகம் மூன்றையும் தொட்டுப் பேசுங்கள் என்றார்கள். மூன்றும் பெரிய கடல். நான் கரையோரமாகவே நடக்கிறேன். வில்லியனூர், பாகூர் பக்கத்தில் நம் சனங்களைப் பற்றி எழுதிவைத்த காகிதம் குறைவு. நம் சனங்களே எழுதிய காகிதம் அதைவிடக் குறைவு. கிடைப்பதெல்லாம் மற்றவர்கள் எழுதியவை. ஒரு நாட்குறிப்பு, ஓர் அரசாணை, இரண்டு அரசுகள் போட்டுக்கொண்ட ஒரு ஒப்பந்தம். இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தபோது எனக்கு ஒரு சங்கடம் உண்டானது. அந்தச் சங்கடத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் நாட்குறிப்பு. ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியது. 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். துய்ப்ளே கவர்னராக இருந்த காலம். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள். மறு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். காரைக்காலில் இதுபோன்ற தடுப்பை எடுத்துவிட்டார்கள் என்ற சேதி வந்ததும் புதுச்சேரிப் பறையர்கள் பாதிரியாரிடம் போய் நின்றார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று கேட்டார்கள். பாதிரியாருக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார்.

தீண்டாமைக்கு எதிரான போராட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நானும் பல கூட்டங்களில் இதுவரைதான் சொல்லியிருக்கிறேன். கைதட்டல் கிடைக்கும். ஆனால் பிள்ளையின் குறிப்பு அங்கே நிற்கவில்லை. சுவர் போன கோயிலில் எல்லோரும் கலந்து பூசைக்கு நிற்கிறார்கள். அப்போது பாதிரியாரின் கண்ணில் ஒரு பெண் படுகிறாள். கும்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியின் உறவுக் குடும்பத்தவள். நகை போட்டு, வாசனை பூசி, மெல்லிய மல் சேலை உடுத்தி வந்திருக்கிறாள். பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த பிரம்பால் அவள் கொண்டையைக் குத்தி, நீ கல்யாணம் ஆனவளா, ஆடுகிறவளா, உன் புருஷனுக்கு வெட்கம் இல்லையா என்கிற பொருளில் எல்லோர் முன்னிலையிலும் ஏசுகிறார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போய்க் கூட்டம் கூடுகிறார்கள். விவகாரம் கவர்னர் வரை போகிறது.

கொதித்தது சுவருக்காகவா, சேலைக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே மனிதர், ஒரே கோயிலில், சாதியின் சுவரை இடித்துவிட்டு, பெண்ணைச் சுற்றி இன்னொரு சுவரை எழுப்பிவிட்டார். அந்தப் பெண் நம்மவள் இல்லை, ஆதிக்கச் சாதிப் பெண்தானே என்று நாம் கடந்துபோகலாம். அப்படிக் கடந்துபோனதால்தான் இந்தக் கதையின் இரண்டாம் பாதி நம் மேடைகளில் காணாமல் போனது. அவள் உடுத்திய துணியை வைத்து அவளைக் கேட்கவில்லை, அவள் புருஷனின் வெட்கத்தைக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். பெண்மை என்பது ஒரு ஆணின் மானத்தைப் பூட்டிவைக்கும் பெட்டி. அந்தப் பெட்டி மூடியிருந்தால்தான் அவன் ஆண்.

இந்த இலக்கணம் நமக்குப் பழையதுதான். தொல்காப்பியம் ஆணுக்குப் பெருமையையும் வலிமையையும் கொடுத்தது. பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம் என்றது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதே தொல்காப்பியம் அகத்திணையியலில் இன்னொன்றும் சொல்கிறது. அதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் ஏவல் தொழில் செய்வோரும், அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிற்பவர்கள். அவர்களுக்குக் கைக்கிளையும் பெருந்திணையும் போதும் என்பது உரையாசிரியர்கள் அந்த நூற்பாவுக்குக் காட்டும் வழி. முல்லையில் காத்திருக்கிறவளும், மருதத்தில் ஊடுகிறவளும் நிலமுள்ளவன் வீட்டுப் பெண். வயலில் குனிந்து நடுகிறவள் அந்த வயலுக்குப் பின்னணி. இப்படிப் பார்த்தால் நம் தாத்தாவுக்கு ஆண்மை இல்லை, ஆயாவுக்குப் பெண்மை இல்லை. இலக்கணமே கொடுக்கவில்லை. சங்கப் பாட்டை வைத்துத் தமிழ்ச் சமூகம் எப்படி உருவானது என்று எழுதிய ராஜ் கௌதமன், இங்கே புதுச்சேரியில்தான் பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். சங்க இலக்கியத்தைப் பெருமை பேசுவதற்காகப் படிக்காமல், யார் யாரை அடக்கினார்கள் என்று பார்ப்பதற்காகவும் படிக்கலாம் என்று எங்கள் தலைமுறைக்குத் துணிவு கொடுத்தவர் அவர்.

இலக்கணம் கொடுக்காததை வயல் வேறு மாதிரி கொடுத்தது. பாகூர் ஏரிப் பாசனத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆணாள் கூலி, பெண்ணாள் கூலி. ஏர், வரப்பு, மடை ஆணாளுக்கு. நடவு, களை பெண்ணாளுக்கு. குனிந்தே நாள் முழுக்க நிற்கும் வேலைக்குத்தான் கூலி குறைவு. ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவான சொல் 'ஆள்'. ஆண்டையின் ஆள். அறுபது வயது ஆளை ஆண்டை வீட்டுப் பத்து வயதுப் பையன் 'டா' போட்டுக் கூப்பிடுவான். துண்டு தோளில் இருக்கக் கூடாது, இடுப்புக்கு வர வேண்டும். ஊர்த் தெருவுக்குள் போகும்போது செருப்பு காலில் இருக்கக் கூடாது, கைக்கு வர வேண்டும். ஆண்மை என்பது நம் ஆண்களைப் பொறுத்தவரை உடம்பில் இல்லை; துண்டிலும் செருப்பிலும் கூப்பிடும் ஒரே ஒரு எழுத்திலும் இருந்தது. அவற்றைப் பிடுங்கிக்கொண்டால் ஆணைப் பையனாக்கிவிடலாம்.

செருப்பு என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்குப் பொன்னுத்தம்பிப் பிள்ளை நினைவுக்கு வருவார். வழக்கறிஞர். 1873இல் ஐரோப்பியர் அணியும் சப்பாத்தோடு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார். விடாமல் பாரிஸ் வரை வழக்கை இழுத்துப்போய் வென்றார். அவர் வேளாளர், அந்த வெற்றியால் சேரிக்காரனின் செருப்பு ஊர்த் தெருவில் கையிலிருந்து காலுக்கு இறங்கிவிடவில்லை. ஆனாலும் அந்த வழக்கிலிருந்து புறப்பட்ட ஒரு காரியம் சேரிக்கும் வந்து சேர்ந்தது. அதுதான் நான் சொன்ன இரண்டாவது காகிதம்.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. இந்தியாவில் உள்ள பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்தவர்கள், எந்தச் சாதியாக, மதமாக இருந்தாலும், இருபத்தொரு வயது ஆகியிருந்தால், தங்கள் சாதிமத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்துவிடலாம். துறந்தால் திரும்ப முடியாது. கையெழுத்துப் போடுகிறவர் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். பொன்னுத்தம்பி லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். லாபோர்த் என்றால் வாசல். அந்த வாசல் வழியாக நுழைந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், தலித்துகள். சாதி இந்துத் தலைவர்கள் எதிர்த்தார்கள். சண்முக வேலாயுத முதலியின் கட்சி, துறவாதவர்களின் பெயரால் இருபதாண்டுக்கு மேல் தேர்தல்களை ஆட்டிவைத்தது. 1880இலேயே வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்களாக அறிவிக்கப்பட்டிருந்தன. மேரிக்குப் போய், ஒரு காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ போட்டு, ஆண்டையின் வாயில் நுழையாத ஒரு பெயரோடு திரும்பி வருவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் 'டா' ஒட்டாது.

இப்போது அந்த ஆணையின் முதல் பிரிவை மறுபடி படிக்கிறேன். இருபாலாரும் துறக்கலாம் என்று தொடங்குகிறது. 1881இல் அது பெரிய வார்த்தை. ஒரு பெண்ணும் தனியாக வந்து சாதிச் சட்டத்தைத் துறக்கலாம். அடுத்த வாக்கியத்தில் சொல்கிறது: துறந்தவர்களும், அவர்களுடைய மனைவியரும், வயது வராத பிள்ளைகளும் இனிப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். இருபாலார் என்று ஆரம்பித்த ஆணை, ஒரு வாக்கியம் கழிந்ததும் துறக்கிறவன் ஆண் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. மனைவி, வயது வராத பிள்ளைகளோடு ஒரே வரியில் வருகிறாள். அவள் சம்மதித்தாளா என்று கேட்க அந்தக் காகிதத்தில் இடமில்லை. அவள் வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்திருக்கலாம். அவன் திரும்பி வந்து, இனிமேல் உன் பெயர் இது என்று சொல்லியிருப்பான்.

எந்தச் சட்டத்துக்குள் அவளைக் கொண்டுபோனான்? நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டம். புருஷன் பாதுகாக்க வேண்டும், பெண்சாதி கீழ்ப்படிய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவைத்த சட்டம். பிரான்சிலேயே 1938 வரை அந்தக் கீழ்ப்படிதல் சட்டத்தில் இருந்தது. 1944இல்தான் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அதே சட்டம் பலதார மணத்தை ஒத்துக்கொள்ளவில்லை. சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு கொடுத்தது. இந்து வழக்குச் சட்டத்தில் அன்று அது கனவு. ஆனால் சேரியில் பங்கு பிரிக்க நிலம் எங்கே இருந்தது? பாகூரில் ஏரி இருந்தது, நெல் இருந்தது. நமக்கு மனைக்கட்டே இரவல்.

இதே காலத்தை ஒட்டி நடந்த இன்னொரு காரியத்தையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் இருந்தார். அப்போது கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டு, காயத்ரி சொல்லிக்கொடுத்தார். 'என் குருநாதர்' என்று கனகலிங்கமே பின்னாளில் அதை நன்றியோடு எழுதியிருக்கிறார். பாரதி செய்ததைக் கேலி செய்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. 1910களில் ஒரு பார்ப்பனர் அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். நான் கேட்பது வேறு. புதுமைப் பெண்ணைப் பற்றி எழுதிய கையால் அவர் ஒரு தலித் பெண்ணுக்கு எதைக் கொடுத்திருக்க முடியும்? பூணூல் ஆணுக்கு உரியது. மனுவின் கணக்கில் பெண்ணுக்குக் கல்யாணமே உபநயனம். சாதியின் உச்சியிலிருந்து ஒருவர் இறங்கிவந்து தூக்கிவிட்டாலும், அவர் கையில் இருந்தது ஆணுக்கான கயிறு மட்டும்தான்.

ரெனோன்சான்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் கொடுத்த பெரிய வேலை, பட்டாளம். சைகோன் போனார்கள். போலீசு, சுங்கம், சிறைக்காவல், பட்டாளம். சட்டப்படி பிரெஞ்சுக்காரன் என்பதால் ஐரோப்பியச் சம்பளம் கேட்டுப் போராடி வாங்கினார்கள். ஊரில் ஆளாக இருந்தவன் இந்தோசீனாவில் துப்பாக்கியோடு நின்றான். அங்கே வேறொரு சனத்தை அடக்கும் வேலை அது என்பதையும் மறைக்கக் கூடாது. 'சொல்தா' என்ற சொல் புதுச்சேரித் தமிழில் தங்கிவிட்டது. ஓய்வூதியத்தோடு திரும்பிய சொல்தா, சேரியில் மெத்தை வீடு கட்டினார். சப்பாத்து போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடந்தார். பழைய ஆண்டையே எதிரில் வந்து நலம் விசாரித்த கதைகள் உண்டு. ஆண்மை திரும்பி வந்தது.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன வந்தது? எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: சொல்தா வீட்டுப் பெண் நடவுக்குப் போகக் கூடாது. வயலில் இறங்கினால் கௌரவம் போய்விடும். ஒரு வகையில் அது விடுதலை. ஆண்டை வயலில், ஆண்டையின் கண்ணுக்கு முன்னால் குனிந்து நிற்கத் தேவையில்லை; அந்தக் கண் எப்படிப்பட்டது என்று நம் பெண்களுக்குத் தெரியும். இன்னொரு வகையில், கூலி வாங்கித் தன் முந்தானையில் முடிந்துவந்தவளின் முந்தானை காலியானது. நடவு வரிசையில் சிரிப்பும் பாட்டும் வசவுமாக அவளுக்கு இருந்த கூட்டம் போனது. ஊர்ப் பெண்ணுக்கு இருந்த பெண்மை இவளுக்கும் கிடைத்தது, அதாவது வாசற்படி. சிலர் வியத்நாமியப் பெண்களை மணந்து கூட்டிவந்தார்கள். மொழி தெரியாத ஊரில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று யாராவது மாணவர் ஆய்வு செய்ய வேண்டும். அவர்களும் எத்தாசிவில் பதிவுகளில் இன்னாரின் மனைவி.

மூன்றாவது காகிதத்துக்கு வருகிறேன். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தம் செய்தன. 1962 ஆகஸ்டு 16இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தின்படி இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிகள் ஆவார்கள்; வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் என்ன ஆவார்கள்? பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தகப்பன் தீர்மானிப்பார். தகப்பன் இறந்திருந்தால் தாய். இன்னும் ஒரு வரி: மணமான, பதினாறு வயது தாண்டிய ஆண் பிள்ளைகள் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். பதினேழு வயதில் கல்யாணமான பையன் எந்த நாட்டுக்காரன் என்பதை அவனே முடிவு செய்வான். அதே வயதில் கல்யாணமான பெண்ணைப் பற்றி அந்த வரியில் பேச்சில்லை. 1881க்கும் 1956க்கும் நடுவில் எழுபத்தைந்து ஆண்டுகள், இரண்டு உலகப் போர்கள், ஒரு விடுதலைப் போராட்டம். அந்த வரியில் ஒன்றும் மாறவில்லை.

பிறகு நடந்த வேடிக்கை உங்களுக்குத் தெரியும். 'நேஷனாலிட்டி' உள்ள பெண்ணுக்குக் கல்யாணச் சந்தையில் மதிப்பு ஏறியது. பெண் பார்க்கும் முன் பாஸ்போர்ட் பார்த்தார்கள். கையெழுத்துப் போடும் உரிமை கொடுக்காத காகிதம், அவளைச் சீராக மாற்றிக் கொடுத்தது.

அம்பேத்கர் எதற்காக 1951இல் மந்திரி பதவியைத் துறந்தார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். பல காரணங்கள் சொன்னார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டது முக்கியமான ஒன்று. பெண்ணுக்குச் சொத்து, மணவிலக்கு என்பதற்காக ஒரு தலித் தலைவர் பதவியை விட்டார். அந்தச் சட்டங்கள் துண்டு துண்டாக 1955, 56இல் வந்தன. புதுச்சேரிக்கு 1963இல் நீட்டிக்கப்பட்டன. ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்ற வாசகத்தோடு வந்தன. இந்து திருமணச் சட்டத்தை வாங்கிப் புரட்டுங்கள், முன்பக்கத்திலேயே அந்த வரி இருக்கும். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அது யாரைக் குறிக்கிறது என்று தெரியவில்லை. அது உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருக்கலாம்.

இலக்கியத்துக்குப் போவோம். புதுவையின் கவிஞர் பாரதிதாசன். கைம்பெண் மறுமணம், காதல் மணம், பெண் கல்வி எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தவர். அவரை மறுக்க முடியாது. அவருடைய 'குடும்ப விளக்'கின் தலைவி தங்கம். விடியுமுன் எழுகிறாள், வீட்டைப் பார்க்கிறாள், பிள்ளைகளைப் பார்க்கிறாள், கணவன் மணவழகனின் கடைக்கும் போய் வணிகம் பார்க்கிறாள். நல்ல பெண். ஆனால் அந்த வீட்டு அடுக்களைக்கு அரிசி வந்த வயலில் குனிந்தவள் அந்த விளக்கின் வெளிச்சத்துக்குள் வரவில்லை. திராவிட இயக்கத்தின் பெண்விடுதலையில் நமக்கு உள்ள மனக்குறை இதுதான். பெரியார் ஆண்மை என்ற சொல்லே ஒழிய வேண்டும், அது ஒழியாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று எழுதினார். அவரைப் பின்பற்றியவர்களின் கவிதையிலும் மேடையிலும் அந்தச் சொல் மீசையோடு நன்றாகவே வாழ்ந்தது.

இன்னொரு தங்கம் இருக்கிறாள். 1989இல் சிவகாமி எழுதிய 'பழையன கழிதலும்' நாவலில். விதவை. நிலக்காரன் பரஞ்சோதி உடையாரால் கெடுக்கப்பட்டு, அடிபட்டு, தலித் தலைவர் காத்தமுத்துவின் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். காத்தமுத்து கெட்டிக்காரர். வழக்குப் போடுகிறார், ஆதிக்கச் சாதியை எதிர்த்து நிற்கிறார், நியாயம் வாங்கித் தருகிறார். ஏற்கெனவே இரண்டு மனைவிகள் உள்ள அவர், தங்கத்தையும் தன்னவளாக்கிக்கொள்கிறார். நாவல் வந்தபோது நம் தோழர்களில் சிலருக்குக் கோபம். நம்மைப் பற்றி நாமே இப்படி எழுதலாமா, எதிரிக்குத் தீனி போடலாமா என்றார்கள். நானும் இளவயதில் அப்படி வாதாடியவன். இன்று அதை நினைத்து வெட்கப்படுகிறேன். 1745இன் பாதிரியார் சுவரை இடித்துவிட்டுப் பிரம்பை எடுத்தாரே, காத்தமுத்துவின் கையிலும் அதைத்தான் சிவகாமி பார்த்தார். அவர் தலித் விடுதலையை எதிர்த்து எழுதவில்லை. விடுதலை என்று நாம் வாங்கிவந்ததை வீட்டுக்குள் யார் அனுபவிக்கிறார்கள் என்று கேட்டார். 1994இல் பாமாவின் 'சங்கதி' வந்து, நம் பெண்களின் பேச்சையும் வசவையும் சிரிப்பையும் பேய் பிடித்த கதைகளையும் புத்தகத்துக்குள் கொண்டுவந்தபிறகு, இலக்கணம் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திய வினைவலப் பெண்ணுக்குத் தமிழ் உரைநடையில் முதல் வரிசையில் இடம் கிடைத்தது.

வில்லியனூரை ஒட்டி ஓடுகிற ஆற்றின் பெயரை, சங்கராபரணி என்று, தன் முதல் கவிதைத் தொகுப்புக்கு 2001இல் வைத்தவர் புதுச்சேரியின் மாலதி மைத்ரி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவரும் சல்மாவும் குட்டி ரேவதியும் நம் சுகிர்தராணியும் உடம்பைப் பற்றி எழுதுகிறார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது. சினிமாப் பாட்டெழுதும் சிலர் மிரட்டும் மொழியில் பேசினார்கள். பெண்ணின் உடம்பைப் பாட்டில் வைத்து வியாபாரம் செய்யும் துறையிலிருந்து வந்த கண்டனம் என்பதுதான் அதன் அழகு. பிரம்பு கைமாறியிருந்தது, அவ்வளவே.

சினிமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இளைஞர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்' சேரி மக்கள் கொண்டாடிய படம். அதில் வீரன் அருந்ததியர் வீட்டில் வளர்கிறான், ஆனால் அரச குடும்பத்தில் பிறந்தவன். வீரம் வேண்டுமென்றால் ரத்தம் மேலிருந்து வர வேண்டும் என்றது கதை. 1992இல் 'சின்ன கவுண்டர்', 'தேவர் மகன்' என்று பட்டப்பெயரே ஆண்மையானது. 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. கதாநாயகனின் அப்பா பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞர். மகனே அவரைக் கல்லூரிக்குக் கூட்டிவர வெட்கப்பட்டு, அப்பாவாக நடிக்க வேறொரு ஆளைக் கூட்டிவருகிறான். பிறகு உண்மையான அப்பா வரும்போது சாதி வெறி பிடித்த மாணவர்கள் அவர் வேட்டியை உருவி ஓடவிடுகிறார்கள். அந்தக் காட்சியில் தியேட்டரே அமைதியானது. நம் தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டிய எத்தனை பெரியவர்களை நாம் விழுந்து விழுந்து ரசித்திருக்கிறோம். பகலில் எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறோம். அந்த அப்பாவை அவமானப்படுத்தியது ஆதிக்கச் சாதி. அவரை மறைத்தது மகன். இரண்டாவதைப் பற்றி விமர்சகர்கள் அதிகம் எழுதவில்லை.

2022இல் பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' புதுச்சேரியில் ஒரு நாடகக் குழுவை வைத்து நகர்கிறது. அதன் நாயகி தலித் பெண். வீட்டில் வைத்த பெயர் தமிழ். அவள் தன்னை ரெனே என்று அழைத்துக்கொள்கிறாள். படத்தை வேறு காரணங்களுக்காக விமர்சிக்கலாம். வசனம் அதிகம் என்று நானும் நினைத்தேன். ஆனால் கையெழுத்துப் போட்டவன் தேர்ந்த பெயரை மனைவியும் பிள்ளைகளும் சுமந்த இந்த ஊரில், பிரெஞ்சுப் பெயர் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும் ஒருத்தியைத் திரையில் பார்த்தபோது எனக்கு அந்த 1881ஆம் ஆண்டு ஆணைதான் கண்ணுக்குள் நின்றது.

சங்கடமான இடத்துக்கு வருகிறேன். 2012இல் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. அந்த நாட்களில் நம் இளைஞர்கள் ஜீன்ஸ் பேன்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று அரசியல் மேடைகளில் பேசினார்கள். 1745இல் பெண்ணின் மல் சேலை குற்றம்; 2012இல் தலித் ஆணின் ஜீன்ஸ் குற்றம். நேற்றுவரை பையன் என்று கூப்பிட்டவனை, ஒரே நாளில் எல்லாப் பெண்களையும் கவர்ந்துபோகும் பெரிய ஆணாக ஆக்கிவிட்டார்கள். இரண்டுமே சாதி தைத்த சட்டைதான். நமக்கு அருகிலேயே, விருத்தாசலம் பக்கத்தில், 2003இல் முருகேசனும் கண்ணகியும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். தீர்ப்பு வரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. முருகேசன் தலித், பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர். அவளைக் கொன்றது அவள் ரத்தம். ஒரு சாதியின் ஆண்மை தன் வீட்டுப் பெண்ணின் உடம்பில் குடியிருக்கும்வரை, அந்த உடம்பைக் கொன்றுதான் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.

இதற்குப் பதிலாக நம் இளைஞர்களில் சிலர் சுவரொட்டியில் மீசையும் சிங்கமும் போடுகிறார்கள். நாங்களும் ஆண்ட பரம்பரை, நாங்களும் ஆம்பளைதான் என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. துண்டை இடுப்பில் கட்டவைத்த வரலாற்றுக்கு வந்த பதில் அது. ஆனால் அந்தச் சுவரொட்டி ஒட்டிய வீட்டிலேயே தங்கை கல்லூரிக்கு என்ன உடுத்திப் போகலாம் என்று அண்ணன் முடிவு செய்கிறான் என்றால், நாம் ஆண்டையிடமிருந்து நிலத்தை வாங்கவில்லை, பிரம்பை வாங்கியிருக்கிறோம்.

அண்ணலும் பெண்களின் உடையைப் பற்றிப் பேசியிருக்கிறாரே என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. 1927 டிசம்பரில் மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்த கையோடு, பெண்களைத் தனியே கூட்டிப் பேசினார். சேலையை ஆதிக்கச் சாதிப் பெண்கள் கட்டுவதுபோல் முழுக்க இறக்கிக் கட்டுங்கள், சாதியைக் காட்டிக்கொடுக்கும் கனத்த நகைகளைக் கழற்றிவிடுங்கள் என்றார். இதுவும் ஓர் ஆண் பெண்ணின் உடையைத் தீர்மானிப்பதுதானே? நான் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்தேன். பாதிரியார் அந்தப் பெண்ணிடம் பேசவில்லை, அவள் புருஷனின் வெட்கத்திடம் பேசினார். அம்பேத்கர் பெண்களிடமே பேசினார். குடித்துவிட்டு வரும் புருஷனுக்கும் மகனுக்கும் சோறு போடாதீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். 1942இல் நாக்பூர் பெண்கள் மாநாட்டில், மனைவி கணவனுக்குத் தோழியாக, சமமாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களை வைத்து அளப்பவன் நான் என்றார். ஆனாலும் அந்த மாணவியின் கேள்வியில் மிச்சம் இருக்கிறது. ஊர்ப் பெண்ணின் சேலையை அளவுகோலாக வைத்தது அந்தக் காலத்தின் எல்லை. அதைச் சொல்வதால் அண்ணல் சிறுமைப்பட மாட்டார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த 1745ஆம் ஆண்டுப் பக்கங்களைத் தேடிப் படியுங்கள். மல் சேலை கட்டிவந்தவள் அங்கே இன்னாரின் மனைவி. சுவரைக் கேள்வி கேட்கப் போனவர்கள் வெறுமனே பறையர்கள். பெயர் தெரியாவிட்டாலும் அவர்கள் வந்து நின்றதாவது பதிவாகியிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், அத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே பூசை கேட்ட நம் பெண்கள் அன்று காலை என்ன உடுத்தியிருந்தார்கள், சுவர் விழுந்ததும் எங்கே போய் நின்றார்கள் என்று நான் பலமுறை தேடிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.